தீவு முயலும் கூண்டு முயலும்

முயல் என்றதும் நம் உள்ளத்தில் தோன்றுவன சிறுமையும் அச்சமுமே. சருகு அசைந்தாலும் வெருண்டோடும் சிற்றுயிர் அது. ஆனால், 2010-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அளக்கப்பெற்ற ஒரு வளர்ப்பு முயலின் நீளமோ 129 சென்டிமீட்டர். அதாவது நாலேகால் அடி! எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உயரம் அது. சிற்றுயிர் இத்துணைப் பேருருவம் கொண்டது எவ்வாறு? அதனை அவ்வாறு ஆக்கியவர் யாவர்? எதன் பொருட்டு ஆக்கினர்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், முயலின் வரலாற்றினூடே மனிதனின் வரலாறும் நமக்குப் புலனாகும்.

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள். நம் நாட்டுப் புதர்க்காடுகளில் வாழும் முயல் வேறு. கூண்டில் வளர்க்கப்பெறும் முயல் வேறு. நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி கண் விழித்து, மயிர் போர்த்தே பிறக்கும். வளர்ப்பு முயலோ வளைதோண்டும் இனத்தின் வழிவந்தது. அதன் குட்டி கண் திறவாமலும் மயிரின்றியும் பிறக்கும். அவ்வினத்தின் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஆகும். உலகிலுள்ள வளர்ப்பு முயல்கள் அனைத்தும், சிறியவை ஆயினும் பெரியவை ஆயினும், அந்த ஒரே இனத்தின் வழித்தோன்றல்களே. அக்காட்டு முயலின் எடை ஒன்றரை அல்லது இரண்டு கிலோ மட்டுமே.

மனிதன் கைபடாமலே இயற்கையும் ஒருகால் பெருமுயலைப் படைத்தது என்பது வியப்பூட்டும் செய்தி. ஸ்பெயினுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் மெனோர்க்கா என்றொரு தீவு உண்டு. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்து மறைந்த ஒரு முயலினத்தின் எலும்புகளை ஆராய்ந்த அறிஞர், அதன் எடை 12 கிலோ இருக்கலாம் என்று 2011-ஆம் ஆண்டில் அறிவித்தனர். பின்வந்தோர் அம்மதிப்பைச் சற்றுக் குறைத்தனராயினும், அது பெருமுயல் என்பதில் ஐயமில்லை. அத்தீவில் அதனைக் கொன்று தின்னும் விலங்குகள் இல்லை. அதனால் அது ஓட வேண்டியதில்லை, ஒளிய வேண்டியதில்லை. உடல் பருத்தது, ஆனால் முதுகெலும்பு விறைத்துத் துள்ளும் ஆற்றல் போயிற்று. கண்குழியும் செவியின் எலும்பறையும் உடலளவுக்கு ஏற்பப் பெருகாமல் சிறுத்தே நின்றன. பகையின்மை உடலைப் பெருக்கியது. அதற்கு விலையாகப் புலன்களின் கூர்மையைப் பெற்றுக்கொண்டது.

இனி, மனிதன் படைத்த பெருமுயலைக் காண்போம். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் வாரோ, மதில் சூழ்ந்த தோட்டங்களில் முயல் வளர்ப்பது பற்றி எழுதுங்கால், ஸ்பெயின் நாட்டு வளைமுயலையும் குறிப்பிடுகின்றார். அதன் பின்னர், கி.பி. 600-ஆம் ஆண்டளவில் போப்பாண்டவர் கிரகோரி முயற்குட்டியின் இறைச்சியை மீனுக்கு நிகரென அறிவித்தார் என்றும், அதனால் துறவியர் நோன்புக் காலத்து உணவுக்காக முயல்களைப் பழக்கினர் என்றும் ஒரு கதை நெடுங்காலம் நூல்களில் இடம்பெற்று வந்தது. மூலச் சான்றுகளைத் துருவி ஆராய்ந்த அறிஞர், அத்தகைய ஆணையே இல்லை என்று 2018-ஆம் ஆண்டில் காட்டினர். தூர் நகரத்து ஆயர் கிரகோரி எழுதிய வேறொரு செய்தியே பெயர் மயக்கத்தால் இவ்வாறு திரிந்தது. முயல் ஒருவர் ஆணையால் ஒரே நாளில் வீட்டுயிர் ஆனதன்று. பல நூற்றாண்டுகளில் படிப்படியாகவே பழகிற்று.

இன்றுள்ள பெருமுயல்களுள் புகழ் வாய்ந்தது பிளெமிஷ் பெருமுயல். பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸ், அதிலும் கெண்ட் நகரைச் சுற்றிய வட்டாரம், இதன் பிறப்பிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிளாண்டர்ஸ் மக்கள் பட்ட துன்பம் பெரிது. கைந்நெசவு நலிந்தது, 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. பசு வாங்க இயலாத ஏழையும் கொல்லையில் ஒரு முயற்கூண்டு வைக்க இயலும். வரப்புப் புல்லும் காய்கறித் தோலும் அதற்குத் தீனி. இறைச்சி ஆஸ்டெண்டு துறைமுகத்தின் வழியே இலண்டன் சந்தைக்குச் சென்றது. தோல் தொப்பி செய்வோரிடம் சென்றது. பெரிய முயலுக்குப் பெரிய விலை. ஆதலின், ஒவ்வோர் ஈற்றிலும் பெரிய குட்டியைத் தேர்ந்து, அதனையே மேலும் இனம் பெருக்கினர். 1893-ஆம் ஆண்டில் இவ்வினத்துக்குரிய இலக்கணம் வகுக்கப்பெற்றது. இன்று அமெரிக்க விதிப்படி, முதிர்ந்த பெண்முயல் குறைந்தது 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கும் மேல், எடை இருத்தல் வேண்டும்.

இம்மாற்றத்தைக் கூர்ந்து நோக்கியவர்களுள் தலையாயவர் சார்லஸ் டார்வின். வீட்டு விலங்குகளின் மாறுபாடு பற்றி 1868-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூலில் முயலுக்கென ஓர் அதிகாரமே உண்டு. காட்டு முயலின் மண்டையோட்டையும் பெருத்த வளர்ப்பு முயல்களின் மண்டையோடுகளையும் எடுத்து, அவற்றுள் சிறு ஈயக் குண்டுகளை நிரப்பி, மூளை அமைந்த இடத்தின் கொள்ளளவை அளந்தார். உடல் பன்மடங்கு பெருகியும் மூளை அவ்வளவுக்குப் பெருகவில்லை என்பது அவர் கண்ட முடிவு. தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடந்தமையால் அறிவையும் புலன்களையும் பயன்படுத்த வாய்ப்பில்லாமற் போயிற்று என அவர் காரணம் கூறினார். மெனோர்க்காத் தீவின் முயலை அவர் அறியார். ஆயினும் அவர் கண்டது அதே உண்மையின் மறுபக்கமன்றோ? கூண்டும் ஒரு தீவே.

1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளெமிஷ் முயல் கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜிய முயல் என்னும் மற்றோர் இனத்தின் மீது அமெரிக்கருக்குப் பெரும் பித்துப் பிடித்தது. ஒரே முயல் ஆயிரம் டாலருக்கும் விலை போயிற்று. சில ஆண்டுகளில் சந்தை சரிந்து பலர் கைப்பொருள் இழந்தனர். எனினும் கண்காட்சிப் பழக்கம் நிலைத்தது. 1915-ஆம் ஆண்டில் பிளெமிஷ் முயல் வளர்ப்போர் தமக்கென ஒரு நாட்டுக் கூட்டமைப்பை நிறுவினர். அடுப்புக்காகப் பருத்த உடல், இப்போது பரிசுக்காகப் பருத்தது.

பெருமுயல் பசியை நீக்கும் என்ற நம்பிக்கையும் மறையவில்லை. 2006-07-இல், உணவுத் தட்டுப்பாட்டால் வருந்திய வட கொரியாவுக்கு ஜெர்மானிய முதியவர் ஒருவர் 12 பெருமுயல்களை விற்றார். அவர் வளர்த்தவற்றுள் பத்துக் கிலோவைத் தாண்டியதும் உண்டு. அங்குச் சென்று வளர்ப்பு முறையைக் கற்பிக்க அவர் ஆயத்தமாயிருந்தார், பயணம் தடைப்பட்டது. இனம் பெருக்க அனுப்பியவை விருந்தில் உண்ணப்பட்டுவிட்டனவோ என்று அவர் வெளிப்படையாகவே ஐயுற்றார்.

அவை உயிருடன் இருந்திருந்தாலும் பசி நீங்கியிருக்குமா? பெருமுயல் முதிர நாளாகும், எலும்பு கனம், உண்ட தீனியில் பெரும்பங்கு அப்பேருடலைத் தாங்கவே செலவாகும். அதனால்தான் இறைச்சிக்கு வளர்ப்போர் நடுத்தர உருவமுடைய நியூசிலாந்து வெள்ளை, கலிபோர்னியன் போன்ற இனங்களை நாடினர். நம் கொடைக்கானல் மலையில், மன்னவனூரிலுள்ள நடுவண் அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பெறும் 'வெள்ளை ஜெயன்ட்' பெயரளவில் பேருருவமேயாயினும், பிளெமிஷ் முயலுக்கு இளையதே. பெரியது எல்லாம் பயன் மிக்கதன்று என்பதை மனிதன் உணர நூறாண்டு பிடித்தது.

இன்று பெருமுயல் பெரும்பாலும் கூடத்தில் துயிலும் செல்வப் பிராணி. குழந்தையின் மடியில் அமைதியாய் அமரும் அதன் குணத்துக்கும் காரணம் உண்டு. காட்டு முயலின் மூளையையும் வளர்ப்பு முயலின் மூளையையும் ஒப்பிட்டு 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, அச்சத்தை எழுப்பும் பகுதி வளர்ப்பு முயலில் சுருங்கியும், அதனை அடக்கியாளும் பகுதி விரிந்தும் இருப்பதைக் கண்டது. ஆனால் அந்தக் கனத்த உடல் கம்பித் தரையில் நின்றால் பாதம் புண்ணாகும். அதன் வாழ்நாளும் சிறு முயலினதைவிடப் பெரும்பாலும் குறைவு. தாயகத்துக் காட்டு முயலின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. நோய்களாலும் வாழிடக் குறைவாலும் அருகி, அஃது இன்று அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்துள்ளது.

அச்சமே காட்டு முயலின் கவசம். அக்கவசத்தைக் களைந்தவன் மனிதன். ஓடவும் ஒளியவும் மறந்த ஓருயிருக்கு இனி அவன் காவலே கவசம். பெரிய முயலைப் படைத்தோம் என்று பெருமை கொள்ளும் கை, அதன் கூண்டில் மெத்தென்ற வைக்கோலையும் பரப்ப வேண்டும். படைத்தவனுக்குக் காக்கும் கடமையும் உண்டு என்பதே இச்சிற்றுயிரின் பெருவரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.