மலையகத்து லேண்ட் ரோவரும் மழைக்காலக் கறளும்

வட்டகொடையைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் புகையிரதப் பாதையிலிருந்தே தொடங்குவர். அதில் நியாயமும் உண்டு. 1884 இல் ஹட்டனை எட்டிய பாதை மறு ஆண்டே நானுஓயாவைத் தொட்டது. அவ்விரண்டுக்கும் இடையில், தலவாக்கலையைக் கடந்து கோச்சி மூச்சுவாங்கி ஏறும் மலைச்சரிவில் வட்டகொடை நிலையம் இருக்கிறது. கோச்சியின் கதையைச் சொல்ல ஆட்கள் ஏராளம். நிலையத்திலிருந்து தோட்டங்களுக்கு ஏறிய வண்டிகளின் கதைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் மலையகத்துக்கு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். தோட்டத்து ஜீப்பில் ஏறாமல் திரும்பிய பயணம் அரிது. அந்த ஜீப்பின் உடலைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். எஞ்சினைப் பற்றியல்ல, கதவு, தகடு, கீல், கூரை, அடிச்சட்டம் ஆகியவற்றையும் அவற்றைத் தின்ற கறளையும் பற்றி.

முதலில் பெயர். மலையகத்தில் நான்கு சில்லுகளும் உழுமண் தெறிக்கும் தைரியமும் உள்ள எந்த வண்டியும் ஜீப்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு இடம்மாறியது. அமெரிக்க ஜீப்புகள் மலைநாட்டு மக்களின் கண்ணில் நன்றாகப் பட்ட காலம் அது. போர் முடிந்தது. படை போயிற்று; சொல் தங்கிவிட்டது. பிற்காலத்தில் துரைமார் ஓட்டியது லேண்ட் ரோவராக இருந்தபோதும் லயத்துப் பிள்ளைகளுக்கு அது ஜீப்பாகவே இருந்தது. அவர்கள் சொன்னது முற்றிலும் தவறுமல்ல. லேண்ட் ரோவரின் முதல் மாதிரி ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

1948 ஏப்ரல் 30 இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகுக்குக் காட்டப்பட்டது. அப்போது பிரித்தானியா கடன்பட்ட நாடு. உருக்கு பங்கீட்டில் இருந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே உருக்கு என்பது அரசின் கொள்கை. நமது தேயிலையும் அங்கே 1952 வரை பங்கீட்டு அட்டையில்தான் கிடைத்தது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். உருக்குக்கு இருந்த தட்டுப்பாடு அலுமினியத்துக்கு இல்லை. ஆகவே ரோவர் கம்பனியார் வண்டியின் மேற்தகடுகளை 'பேர்மாபிரைட்' எனும் அலுமினியக் கலவையில் செய்தனர். அலுமினியம் சிவப்பாகக் கறளேறாது. இதனால் 'கறள் பிடிக்காத வண்டி' என்ற புகழ் லேண்ட் ரோவருக்கு ஒட்டிக்கொண்டது. தட்டுப்பாட்டில் பிறந்த ஓர் ஏற்பாடு தரத்தின் அடையாளமாக விற்பனையானது.

அந்தப் புகழ் அரை உண்மை. தோல் மட்டுமே அலுமினியம்; எலும்பு முழுவதும் உருக்கு. அடிச்சட்டம், அதாவது செசி, நான்கு உருக்குத் தகடுகளைப் பெட்டிபோலப் பொருத்தி ஒட்டியது. எஞ்சினுக்கும் ஆள் இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள முன்சுவர் உருக்கு. கதவின் உட்சட்டமும் உருக்கு. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அது சிறிய மின்கலம்போல் வேலை செய்யும். அந்த வியாபாரத்தில் நட்டப்படுவது அலுமினியம். கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் போட்டு எழும். நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூள் கொட்டும். உள்ளே உருக்குச் சட்டம் தன்பாட்டில் சிவந்துகொண்டிருக்கும். இங்கிலாந்தின் பண்ணைகளில் இது நடக்கப் பல ஆண்டுகள் எடுத்தது. வட்டகொடையில் அவ்வளவு பொறுமை இல்லை.

வைகாசி பிறந்தால் தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதும் சரிவு இது. புரட்டாசி வரை விட்டு விட்டுப் பெய்யும். மழை ஓய்ந்த நாளில் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். காற்றில் ஈரப்பதம் அறுபது வீதத்தைத் தாண்டினாலே இரும்பில் கறள் வேகமெடுக்கும் என்பது உலோகவியலில் சாதாரண பாடம். இங்கே அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

இன்னொன்றும் உண்டு. குளிர்நாடுகளில் வீதியில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு வண்டிகளின் அடிப்பாகத்தைத் தின்னும். நமக்குப் பனியுமில்லை, வீதி உப்புமில்லை. ஆனால் தோட்டத்து ஜீப் உரமூட்டை சுமந்தது. தேயிலைக்கு இடும் அமோனியம் சல்பேற்றும் பொட்டாசியம் குளோரைட்டும் வேதியியல் கணக்கில் உப்புகளே. மூட்டை கிழிந்து பின்தட்டில் சிந்திய உரம் மழைநீரில் கரைந்து, ரிவிட் துளைகள் வழியாக இறங்கி, செசியின் பின் குறுக்குச்சட்டத்தில் போய்த் தங்கியது. செசியின் நீர் வடியும் துவாரங்களைச் சிவப்பு மண் ஏற்கனவே அடைத்திருக்கும். பிறகு கேட்பானேன்? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். அந்தக் குறுக்குச்சட்டம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

தலவாக்கலைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில், வயதான டிங்கர் பாஸ் ஒருவர் இவற்றை எனக்கு வரிசையாகக் காட்டினார். கண்ணாடிக்குக் கீழே காற்று வருவதற்காக வைத்த இரு மடல்களின் ரப்பர் காய்ந்துவிட்டால், மழை ஓட்டுநரின் முழங்காலில் பெய்யும். அந்த நீர் கால்வைக்கும் பள்ளத்தில் தேங்கி, மிதிவிரிப்பின் கீழே தகட்டை அரிக்கும். கீலின் போல்ட்டு இறுகிப்போனால் கதவு தொங்கும். தொங்கிய கதவை அடித்துச் சாத்துவார்கள். அடிக்க அடிக்கப் பூட்டின் நாக்கு தேய்ந்து, வளைவில் திரும்பும்போது கதவு தானாகத் திறக்கும். பக்கவாட்டில் நகரும் கண்ணாடிகளுக்குத் துணிபோன்ற பொருளில் தடம் அமைத்திருந்தார்கள். மலையக ஈரத்தில் அதில் பாசி முளைத்தது. 'சேர், இந்த வண்டியில் தேயிலை நட்டால் அதுவும் வரும்' என்றார் அவர் சிரிக்காமல்.

அந்த வண்டியில் யார் ஏறினார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குடும்பத்தோடு போகத்தக்க லேண்ட் ரோவரைக் கம்பனி தொடக்கத்திலேயே முயன்றது. மரச்சட்டத்தின் மேல் அலுமினியம் போர்த்திய 'டிக்ஃபோர்ட்' உடல் கொண்ட அந்த வண்டிக்கு, பயணிகள் கார் என்று சொல்லி அங்கே கொள்வனவு வரி விதித்தார்கள். எழுநூறுகூடச் செய்யப்படாமல் 1951 இல் அது நின்றது. பின்னர் 1956 இல் நீண்ட உடலோடு ஸ்டேஷன் வேகன் வந்தது. 1960களில் பன்னிரண்டு பேர் அமரும் வகையும் வந்தது. பன்னிரண்டு பேருக்கு இருக்கை போட்டால் சட்டத்தின் கண்ணில் அது பஸ், ஆகவே அந்த வரியில்லை.

இருக்கை பன்னிரண்டு என்றாலும் தோட்டத்து வழக்கில் அது துரையின் வண்டி. எல்லாத் தோட்டங்களிலும் லேண்ட் ரோவர் இருந்தது என்று நான் கூற வரவில்லை. சின்னத் துரைமார் பலர் மோட்டார் சைக்கிளிலேயே மலை ஏறினர். இருந்த இடங்களில் முன் இருக்கை துரைக்கும் துரைசாணிக்கும் உரியது. கண்டாக்கையாவும் கிளாக்கரும் அழைத்தால் பின்னே ஏறுவர். பிரசவ வேதனைப்பட்ட பெண்ணும், கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தவரும் ஆஸ்பத்திரிக்குப் போனது பெரும்பாலும் கொழுந்து லொறியில்தான். அதற்குக் கூரையாவது இருந்ததா என்றால், படங்கு இருந்தது. மழைநீர் புகும் லேண்ட் ரோவரின் குறைபாடுகளைப் பற்றி இவ்வளவு எழுதும்போது, அந்தக் குறைபாட்டை அனுபவிக்கவும் ஒரு தகுதி தேவைப்பட்டது என்பதை நான் மறக்கவில்லை.

1960களில் அந்நியச் செலாவணி வற்றியதும் வாகன இறக்குமதி இறுகியது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டங்களைப் பொறுப்பேற்றன. பங்களாக்களோடு ஜீப்புகளும் கைமாறின. மக்களே பட்டினி கிடந்த அந்த ஆண்டுகளில் உதிரிப்பாகம் கேட்க யாருக்கு வாய் வரும்? புதிய கதவு வராது. புதிய செசிக்கு வழியேயில்லை. அப்போதுதான் மலையகத்தின் டிங்கரிங் தொழில் தலையெடுத்தது. எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி விரித்து முன்சுவருக்கு ஒட்டுப் போட்டார்கள். பங்களாக் கூரையில் மிஞ்சிய நாகத்தகடு கால்வைக்கும் பள்ளமாயிற்று. மரவேலை தெரிந்தவர் கதவுச் சட்டத்தை மரத்தில் செய்து கொடுத்தார். இவற்றைப் பழுதுபார்ப்பு என்று சொல்வதைவிட மறுபடைப்பு என்று சொல்வதே பொருந்தும். பெயின்ட் உரித்த ஒரு ஜீப்பின் மட்காட்டில் நான்கு நிறங்கள் வளையம் வளையமாகத் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கம்பனிக் காலத்துப் பச்சை அடியில் இருந்தது. அதன்மேல் ஒவ்வொரு முகாமையும் தன் நிறத்தைப் பூசியிருந்தது. அந்த மட்காட் ஒரு தோட்ட ஆவணம். காகித ஆவணங்கள் பலவற்றைக் கறையான் தின்ற பிறகு அது மிஞ்சியிருந்தது.

1992 இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. புதிய முகாமைக்குப் புதிய வண்டிகள் வந்தன. பழைய ஜீப்புகள் ஏலத்துக்குப் போயின. தோட்டத்தைச் சேர்ந்த ஒருவர், முன்னாள் கொழுந்து லொறிச் சாரதி, நகை அடகு வைத்து அப்படியொரு நீண்ட லேண்ட் ரோவரை வாங்கினார். துரையின் வண்டியை லயத்து வாசலில் நிறுத்தியது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை மலையகத்தைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் பாடசாலைப் பிள்ளைகளையும் பகலில் மரக்கறியையும் ஏற்றினார். மேற்தகடு பளபளவென்று இருந்தது, அலுமினியம் அல்லவா? அடியில் செசியின் மேல் 'கெட்டலோய்' பசை தடவிக் கறுப்புப் பெயின்ட் பூசி விற்றிருந்தார்கள். ஒரு காலை, வளைவில், பின் வில்தகட்டின் பிடி செசியிலிருந்து பிய்ந்தது. வண்டி மலைப்பக்கம் சாய்ந்ததால் பிள்ளைகள் சிராய்ப்போடு தப்பினார்கள். மறுபக்கம் பள்ளம். அவர் அந்த ஜீப்பை அதன்பின் ஓட்டவில்லை. அடகு நகையும் மீளவில்லை.

நான் முன்னர் சொன்ன டிங்கர் பாஸ் வண்டி பார்க்க வருவோரிடம் முதலில் கேட்பது சுத்தியலைத்தான். செசியை மெல்லத் தட்டுவார். கணீரென்றால் தகடு உயிரோடு இருக்கிறது. மந்தமாக 'தொப்' என்றால் உள்ளே பசையும் கறளும். பின் குறுக்குச்சட்டம், வில்தகட்டின் பிடிகள், முன்சுவரின் கால்கள், கதவுத் தூண்களின் அடி என்று இறங்குவார். பொனட்டின் பளபளப்பை அவர் பார்ப்பதேயில்லை.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் ஜப்பானிய வண்டிகள் மலை ஏறின. 1982 இல் பஜேரோ பிறந்தது. நம் நாட்டில் அது அமைச்சர்களின் வாகனமாகி, அரசியல் சொல்லாகவே மாறிவிட்டது. அவற்றின் உடல் முழுவதும் உருக்கு. மேலதிகச் சில்லைப் பின்கதவில் சுமந்த வகைகளில் கதவின் கீல் காலப்போக்கில் தாழ்ந்து, பூட்டு பொருந்தாமல், இடுக்கால் புழுதியும் நீரும் புகுந்தன. லேண்ட் ரோவரின் பிற்கால வகைகளுக்கும் இதே வியாதி உண்டு. அடுத்து வந்தவை மறுசீரமைக்கப்பட்ட இறக்குமதிகள். 2013 இல் அறிமுகமான ஹோண்டா வெஸல் சில ஆண்டுகளில் இங்கே நடுத்தரக் குடும்பங்களின் கனவாயிற்று. ஜப்பானிய ஏலத்தாளில் வண்டியின் படம் வரைந்து குறைபாடுகளை எழுத்தால் குறிப்பார்கள்: 'ஏ' கீறல், 'யூ' நெளிவு, 'டபிள்யூ' தட்டி நிமிர்த்திய அலை, 'எஸ்' கறள், 'சி' அரிப்பு. ஹொக்கைடோ போன்ற பனிப்பிரதேச வண்டியாயின் வீதி உப்பால் அடிப்பாகம் அரித்திருக்கக்கூடும். வாங்குவோர் அந்தத் தாளின் அசலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மேலே நட்சத்திரம்போல் மின்னுவதைப் பார்த்துக் கையொப்பமிடுவோர்தான் நம்மில் அதிகம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்தாண்டுகளில் 1970களின் கதை மறுபடி நடந்தது. கழித்துப் போட வேண்டிய வண்டிகள் விலையேறின. கராஜ்களில் பீப்பாத் தகட்டுக்குப் பதிலாக வேறு வண்டிகளிலிருந்து வெட்டிய துண்டுகள் வந்தன. இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாக்கிய உடல்களும் வீதியில் இறங்கின. அவற்றுள் பல இன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் ஓடுகின்றன.

சோலிஹல் தொழிற்சாலையில் அந்தப் பழைய வம்சத்தின் கடைசி லேண்ட் ரோவர் 2016 ஜனவரி 29 இல் வெளிவந்தது. டார்ஜிலிங்குக்கு அருகே மானேபஞ்ஜங் எனும் ஊரில், 1950களின் லேண்ட் ரோவர்கள் சந்தக்பு மலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்றதைப் பற்றி நிறையக் கட்டுரைகள் உண்டு. அங்கேயும் தேயிலை, பனிமூட்டம், தகட்டுக்கு ஒட்டுப் போடும் கைகள். நம் பக்கத்து ஜீப்புகளுக்கும் இப்போது உல்லாசப் பயணிகளிடம் மவுசு வந்திருக்கிறது. புதுப் பச்சை பூசி, பழைய தோட்டத்தின் பெயரைக் கதவில் எழுதி நிறுத்துகிறார்கள். டிங்கர் பாஸ் காலமாகிவிட்டார். அவருடைய மகன் கராஜை நடத்துகிறார். சுத்தியல் அதேதான், பிடி மட்டும் மாற்றியிருக்கிறார்.