விரைவு வடிகால் தொட்டி மண்கலவை

விரைவு வடிகால் தொட்டி மண்கலவை என்பது தொட்டிகளில் வளர்க்கப்படும் செடிகளின் வேர்ப்பகுதியில் நீர் தேங்காமல் விரைந்து வடிவதற்காகப் பருமனான துகள்களைக் கொண்டு தயாரிக்கப்படும் வளர்ப்பு ஊடகம் ஆகும். கள்ளி, கற்றாழை, அடீனியம், போன்சாய் போன்றவற்றுக்கு இது இன்றியமையாதது. வெளிநாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் பெர்லைட், பைன் மரப்பட்டை, சுட்ட களிமண் மணிகள் ஆகியவை தமிழ்நாட்டில் விலை மிகுந்தவை. ஆகவே உள்ளூர் மாற்றுப் பொருட்கள் பயன்படுத்தப்படுகின்றன.

வடிகாலின் இயல்பு

தொட்டியின் அடியில் துளை இருந்தாலும் நீர் முழுவதும் வெளியேறுவதில்லை. நுண்புழை விசையால் ஒரு பகுதி அடிமண்ணிலேயே தங்குகிறது. துகள் நுண்ணியதாக இருக்குமளவு இந்த ஈர அடுக்கின் உயரம் கூடும். அங்கே காற்று புகாததால் வேர் அழுகும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டிச் செடிகள் மிகுதியாக இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்புவதால் வடிகால் கூடும் என்ற பரவலான நம்பிக்கை தவறானது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில் அமைந்து, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. எனவே பொருள் எது என்பதைவிட, கலவை முழுவதிலும் துகளின் அளவு என்ன என்பதே முதன்மையானது. ஏறத்தாழ 3 முதல் 6 மி.மீ. அளவு ஏற்றது.

ஆற்று மணலும் அதன் மாற்றும்

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல், பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடம். இத்தகைய ஆற்றங்கரை ஊர்களில் செம்மண்ணுடன் ஆற்று மணலும் தொழுவுரமும் கலப்பதே வழக்கமான முறை. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் பாலாற்றில் நிலத்தடி நீரைத் தேக்கி வைப்பது படுகை மணலே. 2003 அக்டோபர் 2 முதல் தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்தும் முறை வந்தது. மேலும் களிமண்ணில் சிறிதளவு மணல் சேர்ப்பதால் பயனில்லை. மணலின் இடைவெளிகளைக் களிமண் அடைத்துக்கொள்ளும்.

உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களில் கல் அரைவை ஆலைகள் உள்ளன. அங்கு கிடைக்கும் கால் அங்குல ஜல்லி (பேச்சு வழக்கில் 'சிப்ஸ்') மணலைவிடச் சிறந்தது. கட்டுமானத்துக்கான எம்-சாண்ட் தூள் மிகுந்தது. சலித்துக் கழுவாமல் பயன்படுத்தலாகாது. கடல் மணலில் உப்பு இருப்பதால் அது விலக்கத்தக்கது.

பிற மாற்றுப் பொருட்கள்

அமெரிக்காவில் பைன் பட்டை, சுட்ட களிமண், கருங்கல் துகள் ஆகியவற்றைச் சம பங்கில் சேர்க்கும் கலவை புகழ்பெற்றது. இதற்கு ஈடாகத் தென்னை மட்டைத் துண்டு, உடைந்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு, சிப்ஸ் ஆகியவற்றைச் சம பங்கு கொள்ளலாம். நன்கு சுட்ட செங்கல் நுண்துளைகளில் நீரை வைத்திருந்து வேருக்குச் சிறிது சிறிதாக அளிக்கும். இடிபாட்டுச் செங்கல்லில் ஒட்டியுள்ள சிமெண்டு, சுண்ணாம்பு ஆகியவை காரத்தன்மையைக் கூட்டுமாதலால் அவற்றைத் தட்டி நீக்க வேண்டும்.

உமி எடை குறைந்தது, சிலிக்கா மிகுந்ததால் மெதுவாகவே மட்கும். புழுங்கல் அரிசி ஆலை உமியில் தப்பிய நெல்மணிகள் முளைப்பதில்லை என்பது கூடுதல் வசதி. உமிக்கரியும் நன்று. ஆனால் முழுதும் எரிந்த வெண்சாம்பல் துளைகளை அடைப்பதோடு மிகுந்த காரமுடையது.

தென்னை நார்க்கழிவு மலிவானது. 5 கிலோ கட்டிகளாகக் கிடைக்கிறது. இதில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருப்பதால் பலமுறை நல்ல நீரில் அலச வேண்டும். இது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடிப்பதால் கள்ளிக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருப்பது நலம். திருப்பத்தூர் மாவட்டம் சேவத்தூரில் வெட்டியெடுக்கப்படும் வெர்மிகுலைட்டும் நீரைத் தேக்கும் பொருளே. பெர்லைட்டுக்கு மாற்றாகக் கொள்வது பொருந்தாது.

தயாரிப்பு

பொருட்களை முதலில் மணல் சலிக்கும் வலையிலும் பின்னர் மாவுச் சல்லடையிலும் சலித்து, பெருங்கட்டிகளையும் தூளையும் நீக்க வேண்டும். உழைப்பு மிகுந்த இப்படிநிலையே பலராலும் கைவிடப்படுகிறது. அதைக் கைவிட்டால் கலவையின் பயன் பெரும்பாலும் போய்விடும். இக்கலவையில் ஊட்டம் குறைவாதலால் நீரில் கரைத்த உரத்தைக் குறைந்த அளவில் அடிக்கடி இட வேண்டும். கோடையில் விரைவில் உலர்ந்துவிடுவதால், மாடியில் வைக்கப்பட்ட சிறு தொட்டிகளுக்கு நாள்தோறும் நீர் தேவைப்படலாம்.