சாவி கொடுப்பதா, மறந்துவிடுவதா?

முதன்முதலாக லட்சங்களைக் கொட்டி ஒரு வாட்ச் வாங்கத் துணிகிற ரசிகர்களில் பலர், கடைசியில் இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நிற்கிறார்கள்: ரோலெக்ஸ் சப்மரைனர், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். இரண்டும் ஸ்விஸ் தயாரிப்பு. இரண்டும் 1950களில் பிறந்தவை. இரண்டுமே நகையாக அல்ல, வேலைக்கான கருவியாகச் செய்யப்பட்டவை. நேரம் பார்க்க செல்போனே போதும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்?

முதலில் இழுப்பது கதை. 1953இல் வந்த சப்மரைனர், முக்குளிப்பவர்களுக்கானது. 1962இல் வெளிவந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரியின் மணிக்கட்டில் ஏறியதும் அதன் புகழ் கரையேறிவிட்டது. ஸ்பீட்மாஸ்டர் 1957இல் கார் பந்தயக்காரர்களுக்காக வந்தது. வெப்பம், குளிர், அதிர்வு, வெற்றிடம் என்று நாசா வதைத்துப் பார்த்த சோதனைகளில் தேறியது அது ஒன்றுதான். ரோலெக்ஸின் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்) ஒன்றும் அந்தத் தேர்வில் தோற்றது. 1969இல் ஆல்ட்ரின் ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டு நிலவில் நடந்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாட்ச், கலத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதானதால், அதற்கு மாற்றாக உள்ளேயே இருந்தது. மறு ஆண்டு அப்போலோ 13 தடுமாறியபோது, பாதையைத் திருத்த 14 விநாடி எஞ்சினை இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை அளந்ததும் ஸ்பீட்மாஸ்டர்தான்.

இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால், டயலைச் சுற்றியுள்ள வளையத்திலேயே குணம் தெரிந்துவிடும். சப்மரைனரின் வளையம் சுழலும். அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டு நீரில் இறங்கினால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்த்த பார்வையில் தெரியும். இன்றைய சப்மரைனரில் அது இடப்புறமாக மட்டுமே திரும்பும். பாறையில் இடித்து நகர்ந்தாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டுமே தவிர குறைத்துக் காட்டாது. காற்று தீருமுன் ஆள் மேலே வந்துவிடலாம். ஸ்பீட்மாஸ்டரின் வளையம் அசையாது. அதில் இருப்பது வேகக் கணக்கு: ஒரு கிலோமீட்டரை 30 விநாடியில் கடந்தால் விநாடி முள் 120இல் நிற்கும். முன்னது ஆபத்தை எதிர்பார்த்துச் செய்தது. பின்னது ஆர்வத்துக்குத் தீனி போடச் செய்தது.

அன்றாடப் புழக்கத்தில் வித்தியாசம் இன்னும் கூர்மையாகும். சப்மரைனர் ஆட்டோமேட்டிக், கையசைவிலேயே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். 300 மீட்டர் ஆழம் தாங்கும், மழையோ நீச்சல் குளமோ அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஸ்பீட்மாஸ்டர் புரொஃபெஷனலுக்கு நாம்தான் சாவி கொடுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகை உருட்ட உருட்ட மெல்லிய கரகரப்பு. ஓரிடத்தில் இனி முடியாது என்று இறுகும். தாத்தாவின் எச்.எம்.டி.க்குச் சாவி கொடுத்துப் பழகியவருக்கு அந்த இறுக்கம் தெரிந்த ஒன்றுதான். நிலவுக்குப் போன மாதிரியில் இருப்பது கண்ணாடி அல்ல, ஹெசலைட் என்னும் பிளாஸ்டிக். எடையற்ற வெளியில் கண்ணாடி உடைந்தால் சில்லுகள் மிதக்கும் என்பது அதன் நியாயம். எளிதில் கீறல் விழும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். சப்மரைனரின் சஃபையர் லேசில் கீறாது. கீறிவிட்டால் தேய்த்துப் போக்க முடியாது.

வாங்கும் விதமும் வேறு. ஸ்பீட்மாஸ்டரைக் கடையில் கட்டிப் பார்த்து, கனமா, அகலமா என்று யோசித்து, வேண்டாமென்றும் வரலாம். சப்மரைனருக்குப் பெரும்பாலும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேண்டியது வாட்சா, பேரா என்று பிரித்துப் பார்க்க அந்தக் காத்திருப்பு உதவலாம். ஆனால் கிடைக்காததாலேயே ஆசை பெருகுவதும் உண்டு. கைமாறும்போது விலை நிற்கும் என்ற கணக்கும் அதில் கலந்துவிடுகிறது. விற்கும்போது என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே வாங்குவதை நான் ரசனை என்று சொல்லமாட்டேன்.

ஆக, கதை கடை வாசல்வரைதான் வழிகாட்டும். வாங்கியவர்களில் ஆழ்கடலுக்கும் நிலவுக்கும் போனவர் எத்தனை பேர்? பிறகு கூட வரப்போவது பழக்கம். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. முழு சாவியோடு இரண்டையும் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேசையில் கழற்றி வையுங்கள். இன்றைய சப்மரைனர் சுமார் 70 மணி நேரம் ஓடும். ஸ்பீட்மாஸ்டர் சுமார் 50. திங்கள் காலையில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், மற்றது ஞாயிறு இரவே நின்றிருக்கும். நின்றுபோனதைப் பார்த்து 'அடச்சே' என்று தோன்றுகிறவருக்கு சப்மரைனர். கையில் எடுத்து, நேரம் சரிசெய்து, திருகை உருட்டத் தொடங்குகிறவருக்கு இன்னொன்று.