ஜெயிச்சா மேதை, தோத்தா முட்டாளா?

ஒரு ஜாக்கி நல்லா ஓட்டினாரான்னு எதை வெச்சு முடிவு பண்றோம்? ரிசல்ட்டை வெச்சுதான். அது சரியா?

1986 ஜூன், இங்கிலாந்தின் எப்சம் டெர்பி. சுமார் 2,400 மீட்டர். எல்லாரும் நம்பிப் பணம் கட்டிய குதிரை டான்சிங் பிரேவ். ஜாக்கி கிரெவில் ஸ்டார்கி. கடைசித் திருப்பத்துல குதிரை ரொம்பப் பின்னாடி. அப்புறம் பறந்து வந்துச்சு. ஆனாலும் அரைக் குதிரை நீளத்துல ஷாஹ்ராஸ்தானி ஜெயிச்சிடுச்சு. பழி முழுக்க ஸ்டார்கி தலையில.

அதே வருஷம் அக்டோபர், பாரிஸ் லாங்ஷாம்ப்ல ஆர்க் ரேஸ். அதே குதிரை, ஜாக்கி மட்டும் பாட் எடரி. அவரும் பின்னாடியே காத்திருந்து, கடைசியில விட்டார். வெற்றி! எடரிக்கு ஒரே பாராட்டு.

ஒரே உத்திதானே, எங்க வித்தியாசம்? வேகத்துல. ஆர்க்ல ஆரம்பத்துலேயே செம வேகம். முன்னாடி போனவை களைச்சுப் போச்சு. டெர்பியில ஆரம்பம் மெதுவு. முன்னாடி இருந்தவற்றுக்குத் தெம்பு மிச்சம். போதாக்குறைக்கு எப்சம் இறக்கத்துல டான்சிங் பிரேவ் தடுமாறுச்சு.

அப்போ ஸ்டார்கி மேல தப்பே இல்லையா? இருக்கு. மெதுவான ரேஸ்ல அவ்வளவு பின்னாடி இருந்திருக்கக் கூடாது. ஆனா 1978-ல இதே டெர்பியை, ஷெர்லி ஹைட்ஸ் மேல கடைசி நொடியில வந்து ஜெயிச்சவரும் அவர்தான். அன்னைக்கு யாரும் 'லேட்'னு திட்டல.

ஆபீஸ்ல சர்வர் விழுந்தா, 'அந்த நேரத்துல அவனுக்கு என்ன தெரியும்?'னுதானே முதல்ல கேக்கணும்? ஜாக்கிக்கும் அதே கேள்விதான்.