வீட்டுத் தொலைபேசி இலக்கம்

இலங்கையில் வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புப் பெறுவது ஒருகாலத்தில் பணத்தால் மட்டும் ஆகும் காரியமாக இருக்கவில்லை. விண்ணப்பித்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அந்நிலையிலேயே 1989 இல் தெற்காசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை செல்ரெல் நிறுவனம் இங்கு ஆரம்பித்தது. அன்று அது செல்வந்தரின் பொருள். 1996 இல் சன்ரெல், லங்கா பெல் ஆகியன கம்பியில்லா இணைப்புகளுடன் வந்தன. 1997 இல் ஸ்ரீலங்கா ரெலிகொமின் 35 வீதப் பங்குகளை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. காத்திருப்போர் வரிசை மெல்லக் குறைந்தது.

வடக்கின் கதை வேறு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துத் தொலைபேசிகள் மௌனமாகின. கையடக்கத் தொலைபேசி அங்கு பரவியது 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது அச்சேவையும் துண்டிக்கப்பட்டது.

கையடக்கத் தொலைபேசி தனியாளுக்குரியது; வீட்டு இலக்கமோ குடும்பத்துக்குரியது. இடம்பெயர்ந்தவரும் கடல் கடந்தவரும் மனதில் சுமந்து சென்றது அந்த இலக்கத்தைத்தான். தொடர்பறுந்த உறவொன்று என்றாவது அழைக்கக்கூடும் என்பதற்காகவே, எவரும் பயன்படுத்தாத இணைப்புக்கு நாமும் பல ஆண்டுகள் மாதக் கட்டணம் செலுத்தினோம். அண்மையில் அதனைக் கைவிட்டோம். அழைக்க வேண்டியவர் இனி எந்த இலக்கத்தைச் சுழற்றுவார்?