தானியங்கி கியர் டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுப்போர் அறிய வேண்டியவை

இந்தியாவில் 2022-இல் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் 2.8 லிட்டர் டீசல் என்ஜின், மேனுவல் கியர் வகையில் 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும், தானியங்கி கியர் வகையில் 500 நியூட்டன் மீட்டரையும் அளிக்கிறது. எனினும், அதிக பாரத்தை இழுக்கும்போது தானியங்கி கியருக்குத் தனிக் கவனம் தேவை.

ஏன் சூடாகிறது?: கிளட்ச்சுக்குப் பதிலாக உள்ள டார்க் கன்வெர்ட்டர், எண்ணெயின் சுழற்சி வழியாக விசையைக் கடத்துகிறது. புறப்படும்போது முறுக்குவிசையைப் பெருக்கித் தருவதால் பாரம் எளிதில் நகரும். ஆனால், மெதுவாக மேடு ஏறுகையில் எண்ணெய் கடுமையாகச் சூடாகும். அது நீடித்தால் கியர் பெட்டியின் உட்பாகங்கள் பழுதடையும்.

மேட்டில்: குறைந்த கியரைத் தேர்வு செய்தால், கியர் அடிக்கடி மாறுவது தவிர்க்கப்படும். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இறக்கத்தில்: பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே, இறங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்றி, என்ஜினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். நியூட்ரலில் இறங்குவது பேராபத்து.

பாரம் ஏற்றுகையில்: டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின் மீது அமைய வேண்டும். பின்பகுதியில் பாரம் மிகுந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும். வாகனக் கையேட்டில் உள்ள இழுவை வரம்பை மீறக் கூடாது.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே, அதற்கும் பதிவு அவசியம்.