செவிலியர் நலம் காத்த சோதனை

காசநோயாளிகளைப் பராமரிப்போருக்கு அந்நோய் தொற்றும் ஆபத்து பெரிதல்ல என்பதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மருத்துவர் பலரின் கருத்து. லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனை ஊழியர்களிடையே காசநோய் அரிது என்று 1882இல் வெளியான கணக்கு இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. சிறுவயதில் உடலில் தங்கிய கிருமியே வளர்ந்தபின் நோயாகிறது என்று நம்பியதால், நோயுற்ற செவிலியரின் பணியை யாரும் காரணமாகக் கொள்ளவில்லை.

இந்த நம்பிக்கையை அசைத்தவர் நார்வே மருத்துவர் யோஹன்னஸ் ஹெய்ம்பெக். ஒஸ்லோவின் உல்லெவோல் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்த செவிலிய மாணவியருக்கு, 1924 முதல் அவர் டியூபர்குலின் தோல் சோதனை செய்துவந்தார். காசநோய்க் கிருமி முன்பே தொற்றியவர்களுக்குச் சோதித்த இடம் சிவந்து தடிக்கும். சேரும்போது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தடிப்பு இல்லை. மூன்றாண்டுப் பயிற்சி முடிவதற்குள் அநேகமாக எல்லோருக்கும் தடித்தது. வார்டுகளிலேயே அவர்களுக்குத் தொற்றியிருந்தது. நோய்வாய்ப்பட்டவர்களில் பெரும்பாலோரும் தடிப்பின்றிச் சேர்ந்தவர்களே. சிறுவயதில் தொற்றுக்கு ஆளானவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது. புதிதாகக் கிருமியை எதிர்கொண்டவர்களுக்கு அது இல்லை.

ஹெய்ம்பெக் கணக்கெடுப்போடு நிற்கவில்லை. 1921இல் பாரிஸில் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பு மருந்தை, 1920களின் பிற்பகுதியிலிருந்து, தடிப்பு இல்லாத மாணவியரில் விரும்பியவர்களுக்கு ஊசியாகச் செலுத்தினார். போட்டுக்கொண்டவர்களிடம் நோய் வெகுவாகக் குறைந்தது. போட்டுக்கொண்டவர்களும் போட்டுக்கொள்ளாதவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாததால் பயனின் அளவு விவாதத்துக்குரியது. எனினும் சேரும்போது சோதனை, பணிக்காலத்தில் கண்காணிப்பு, தேவைப்படுவோருக்குத் தடுப்பூசி என்ற வரிசை அங்கே தெளிவாக உருப்பெற்றது.

அதே வரிசை பின்னர் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கும் பயன்பட்டது. நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பாற்றல் இல்லாத ஊழியருக்கு அது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. இதற்கான தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது. ஆபத்துள்ள பணியாளர்களுக்கு அதை இலவசமாக அளிப்பதும், கையுறை போன்ற பாதுகாப்புகளைத் தருவதும், ஊசி குத்திய பின் மருத்துவக் கவனிப்புக்கு ஏற்பாடு செய்வதும் நிர்வாகத்தின் கடமை என 1991இல் அங்கு விதி வந்தது. 1983க்கும் 1995க்கும் இடையே மருத்துவப் பணியாளர்களிடம் இத்தொற்று ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்தது. தடுப்பூசியோடு கையுறையும் ஊசிகளைக் கையாளும் கவனமும் சேர்ந்து தந்த பலன் இது.

செவிலியரின் நோயை விதியென்றோ தியாகமென்றோ ஏற்றுக்கொண்ட காலம் இவ்வாறு மாறியது. அந்நோய் பணியால் நேரும் தீங்கு. தடுக்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனையுடையது.